பைபாஸ் முடிந்தது, வயிறுதான் படுத்தியது

அப்பாவுக்கு மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு. பைபாஸ் என்று முடிவானதும் எங்கள் பயமெல்லாம் நெஞ்சைப் பற்றித்தான்.

வயிற்றைப் பற்றி முதலில் கேட்டவர் மயக்க மருந்து டாக்டர். "அல்சர் இருந்திருக்கா? மலம் கறுப்பாப் போயிருக்கா? மூட்டு வலிக்கு மாத்திரை போடுவாரா?" அப்பா வழக்கம்போல "ஒண்ணுமில்ல டாக்டர்" என்றார். அம்மா விடவில்லை. பழைய எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டை எடுத்து நீட்டி, மெடிக்கல் ஷாப்பில் அப்பா தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையையும் போட்டுக்கொடுத்துவிட்டார். வயது எழுபதுக்கு மேல், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் கூடுதல். இதெல்லாம் சேர்ந்தால் ரிஸ்க் ஏறும் என்றார் டாக்டர். பெரிய வயிற்றுச் சிக்கல் வருவது நூற்றில் ஓரிருவருக்குத்தானாம். ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நெஞ்சில் ஆபரேஷன் செய்தால் குடலுக்கு என்ன வந்தது என்று கேட்டேன். ரத்த ஓட்டம் குறையும்போது உடம்பு மூளையையும் இதயத்தையும் காப்பாற்றப் பார்க்கும், குடலுக்குப் போகிற ரத்தத்தில்தான் கை வைக்கும் என்றார். இதய-நுரையீரல் மெஷினில் அதிக நேரம் இருந்தாலும், பிரஷரை ஏற்றும் மருந்து நிறையத் தேவைப்பட்டாலும், வென்டிலேட்டரிலிருந்து எடுக்கத் தாமதமானாலும் குடல் அடிவாங்கும். அவசர ஆபரேஷன் என்றால் இன்னும் மோசம். இதயத் துடிப்பு தாறுமாறானால் ரத்தக்கட்டி போய்க் குடலின் ரத்தக்குழாயை அடைப்பதும் உண்டு.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்புறம்தான் வயிறு உப்பத் தொடங்கியது. பானை மாதிரி விறைத்துக்கொண்டு, வாந்தி வேறு. ரத்தத்தில் லாக்டேட் (ரத்த ஓட்டம் குறைந்தால் ஏறுவது), பொட்டாசியம் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்த ஓட்டம் நின்ற அறிகுறி இல்லை, குடல் அசைவுதான் நின்றிருக்கிறது என்றார்கள். மூக்கு வழியாக டியூப் போட்டார்கள். குடலை மந்தமாக்கும் மார்ஃபின் வகை வலி மருந்தைக் குறைத்து பாரசிட்டமாலுக்கு மாற்றினார்கள். பொட்டாசியம் ஏற்றினார்கள். பிசியோதெரபிஸ்ட் பிடித்து நடக்க வைத்தார்.

ரவுண்ட்ஸ் வரும் ஒவ்வொருவரும் கேட்ட ஒரே கேள்வி: "காத்து பிரிஞ்சுதா?" சங்கோஜக்காரரான அப்பாவுக்கு அதுதான் பெரிய தண்டனை. ஒரு விடியற்காலையில் பிரிந்தது. சிஸ்டர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

இப்போது ஆஸ்பிரினோடு, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலும் ஓடுகிறது. மலம் கறுத்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். டைக்ளோஃபெனாக் பக்கமே போகக் கூடாது, அது வயிற்றுக்கு மட்டுமல்ல, பைபாஸ் செய்த இதயத்துக்கும் ஆகாது. மூட்டு வலிக்குப் பாரசிட்டமால் போதவில்லை என்று அப்பா புலம்பிக்கொண்டுதான் இருக்கிறார். மாத்திரை டப்பா அம்மா கையில்.