பச்சைத் தண்ணீர்

சித்தப்பா பையன் அபுதாபி போகிறான். விசா வந்துவிட்டது. போன வாரம் வீட்டுக்கு வந்து, "அண்ணே, ஹைட்ரோ டெஸ்ட் ஹெல்ப்பர்னு போட்டிருக்காங்க, அது என்ன வேலைண்ணே?" என்றான். "பைப்புல தண்ணி ஊத்துற வேலைடா" என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தான். பன்னிரண்டு வருஷம் நான் செய்த வேலை அது. அவனுக்கு வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன்.

பாலைவனத்தில் எண்ணெய்க்கோ வாயுவுக்கோ குழாய் போடுவது ஒரு ஊர்வலம் மாதிரி. முன்னால் புல்டோசர்க்காரன் மணல் மேட்டைத் தட்டிக்கொண்டு போவான். அவனுக்குப் பின்னால் 12 மீட்டர் குழாய்களை வரிசையாகக் கிடத்துகிறவர்கள், வளைக்கிறவர்கள், வெல்டர்கள், ராத்திரியில் மட்டும் வரும் எக்ஸ்ரே ஆட்கள், கோட்டிங் ஆட்கள் வருவார்கள். கடைசியில் நாலைந்து சைட் பூம் வண்டிகள் சேர்ந்து குழாயைத் தூக்கிப் பள்ளத்தில் இறக்கும். எல்லோரும் போய், மணலும் மூடியான பிறகு, குழாய் தாங்குமா, கசியுமா என்று தண்ணீரை நிரப்பி அழுத்திப் பார்க்க நாங்கள் வருவோம். கல்யாணம் முடிந்து, பந்தியும் முடிந்து, வாடகைப் பாத்திரத்தை எண்ணிப் பார்க்க வருகிறவர்கள் மாதிரி. யாருக்கும் எங்களைப் பிடிக்காது.

ஏன் தண்ணீர் என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. காற்றை அழுத்தினால் அது சுருங்கிச் சுருங்கி உள்ளே சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். எங்காவது ஒரு வெல்டு விட்டால் குழாய் வெடிகுண்டாகிவிடும். தண்ணீர் அவ்வளவு சுருங்காது. விரிசல் விட்டு ஒரு அண்டா தண்ணீர் வெளியே பீய்ச்சினால் போதும், அழுத்தம் பொத்தென்று விழுந்துவிடும். அதற்காகப் பக்கத்தில் போய் நிற்கலாம் என்று அர்த்தமில்லை. 120 பார் அழுத்தத்தில் கழன்று பறக்கிற, துளையை அடைக்கும் ஒரு சின்ன ப்ளக் ஆளைக் கொல்லும்.

அளவைச் சொன்னால்தான் புரியும். 36 அங்குலக் குழாயில் ஒரு கிலோமீட்டருக்கு ஆறு லட்சம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். நாங்கள் டெஸ்ட் செய்யும் ஒரு துண்டு 30 கிலோமீட்டர் என்றால், சுமார் 1 கோடியே 83 லட்சம் லிட்டர். அதற்கு முன் குழாய்க்குள் 'பிக்' அனுப்புவோம். ரப்பரும் பிரஷ்ஷும் வைத்த உருளை. பின்னாலிருந்து காற்று தள்ள, உள்ளே கிடக்கும் மணல், வெல்டிங் ராடு துண்டு எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு வரும். ஒருமுறை ஒற்றைச் செருப்பு வந்தது. நம்மாட்களுக்கு அது பன்னிதான். "பன்னி வந்துடுச்சா?" என்று ரேடியோவில் கேட்டால் பக்கத்தில் நிற்கும் பாகிஸ்தானி டிரைவருக்கு நல்லவேளை தமிழ் தெரியாது. அடுத்த பன்னியில் ஓர் அலுமினியத் தட்டு இருக்கும். குழாயின் உள்விட்டத்தில் 95 சதவீத அளவு. தட்டின் ஓரம் மடங்கி வந்தால், வழியில் எங்கோ குழாய் நசுங்கியிருக்கிறது. எங்கே என்று தேடித் தோண்ட வேண்டும்.

அப்புறம் தண்ணீர் ஏற்றுவது. எங்கள் சைட்டில் அது உப்புக் கிணற்றுத் தண்ணீர். வடிகட்டி, துரு பிடிக்காமலிருக்க ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து, கசிந்தால் கண்ணில் படுவதற்காக ஒரு சாயம். சாயம் கலந்த தண்ணீர் வெயிலில் மஞ்சள் கலந்த பச்சையாக மின்னும். ஏற்றி முடிக்க ஒன்றரை நாள். அதோடு விடாமல், தண்ணீரும் மணலும் ஒரே சூட்டுக்கு வரட்டும் என்று குறைந்தது ஒரு நாள் காத்திருப்போம். பிறகுதான் அழுத்தம். பாதி வரை ஏற்றி நிறுத்து, பார். 90 சதவீதம் வரை ஏற்றி நிறுத்து, பார். அழுத்தத்துக்கும் அளவு 'பார்', பார்ப்பதற்கும் பார். "எவ்வளவு பார் பார்" என்று எங்கள் கேபினில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கும்.

முழு அழுத்தம் வந்ததும் பம்பைக் கழற்றிவிடுவோம். அதிலிருந்து 24 மணி நேரம். மை ஊசிக்குக் கீழே வட்டத் தாள் ஒரு சுற்று சுற்றும். கோடு வட்டமாக விழுந்தால் பாஸ். வேலை அவ்வளவுதான்: ஒன்றும் நடக்கவில்லை என்று அரை மணிக்கு ஒரு தடவை எழுதிக் கையெழுத்துப் போடுவது.

இனி 2012 ஜூலை. அந்த மாதம் கேம்ப்பில் எல்லோரும் பேசியது அபுதாபி பாலைவனத்து ஹப்ஷானிலிருந்து ஃபுஜைரா துறைமுகம் வரை போகும் 48 அங்குல எண்ணெய்க் குழாயைப் பற்றித்தான். 400 கிலோமீட்டருக்கு அருகில் நீளம். ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போகாமலேயே கப்பலில் ஏற்றிவிடலாம். அந்த ஜூலையில்தான் முதல் எண்ணெய்க் கப்பல் ஃபுஜைராவிலிருந்து கிளம்பியது. எங்களுடையது அந்தப் புகழ் எதுவும் இல்லாத ஒரு வாயுக் குழாய். கோடையில் பகல் 12.30 முதல் 3 மணி வரை வெளியில் வேலை செய்யக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் ராத்திரிதான் எங்களுக்குப் பகல்.

சாயங்காலம் எட்டு மணிக்கு 120 பார் வந்தது. பம்பை நிறுத்தினோம். மூன்று மணி நேரம் கோடு அழகாகப் போனது. பதினோரு மணிக்கு மேல் ஊசி இறங்க ஆரம்பித்தது. மணிக்கு 0.3 பார்.

கேட்கிறவர்களுக்கு அது ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். முதலில் எங்களுக்கும் அப்படித்தான். குளிர்ந்திருக்கும் என்றார் எங்கள் பாலக்காட்டு ஃபோர்மேன். சரிதான், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தாலே இந்த அளவுக் குழாயில் நாலைந்து பார் இறங்கும். ஆனால் மணலுக்கடியில் குழாயோடு ஒட்டி வைத்த தெர்மாமீட்டர்கள் எதுவும் அசையவில்லை. அப்படியானால் தண்ணீர் போகிறது. கணக்குப் போட்டோம். 0.3 பார் இறங்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 380 லிட்டர் வெளியேற வேண்டும். நிமிஷத்துக்கு ஆறு லிட்டர். வீட்டுக் குழாயைச் சுமாராகத் திறந்துவிட்டால் வருகிற அளவு. அதை 30 கிலோமீட்டர் மணலில், இருட்டில் தேட வேண்டும்.

ஒரு மணிக்குக் கிளம்பினோம். இரண்டு வண்டி, டார்ச், குழாய்த் தடத்தின் இரு பக்கமும் தள்ளி நின்று ஈரம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே. வால்வு ஸ்டேஷன்களில் இறங்கி, தூரத்திலிருந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தோம். மறுமுனையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டோம். ஏனென்றால் மறுமுனை சரியாக இருக்கிறது என்று செக் லிஸ்ட்டில் கையெழுத்து இருந்தது. கையெழுத்து என்னுடையது.

அஞ்சரை மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தபோது விடிந்துகொண்டிருந்தது. காவலுக்குப் போட்டிருந்த நேபாளி, சொன்னபடி தடுப்பு நாடாவுக்கு நூறு மீட்டர் தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நாடாவுக்கு உள்ளே, குழாய் முனையை மூடியிருக்கும் டெஸ்ட் ஹெட்டுக்குக் கீழே, மணலில் ஒரு சின்ன நாற்றங்கால் அளவுக்குப் பச்சை. திருவாரூர்க்காரன் கண்ணுக்கு ஒரு நொடி அது நாற்றங்காலாகவேதான் தெரிந்தது. பச்சைத் தண்ணி என்று ஊரில் சொல்வது வேறு, இது வேறு.

நடந்தது இதுதான். வடிகால் குழாயில் அடுத்தடுத்து இரண்டு வால்வுகள். உள்ளே இருப்பது, குறைந்த அழுத்தத்தில் தாங்கியது, முழு அழுத்தத்தில் மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டு விட்டுக்கொடுத்துவிட்டது. அதற்காகத்தான் வெளி வால்வு. அது திறந்தே இருந்தது, முனையில் ப்ளக்கும் இல்லை. முந்தின நாள் நான் ஒரு ஃபிட்டரை அங்கே அனுப்பினேன். "எல்லாம் ஓக்கே பாய்" என்று போனில் சொன்னான். போய்ப் பார்த்துவிட்டு வர மணலில் ஒன்றரை மணி நேரம் ஆகும், பெர்மிட் நேரம் முடிகிறது, கையெழுத்துப் போட்டேன்.

அழுத்தத்தை மெதுவாக இறக்கி முடிக்கவே மதியமாகிவிட்டது. கிளையண்ட் பக்கம் ஒரு வயதான ஸ்காட்லாந்துக்காரர் இன்ஸ்பெக்டர். கத்தவில்லை. செக் லிஸ்ட்டை மேசையில் வைத்து, என் கையெழுத்தின் மேல் விரலை வைத்து, "நீ அங்கே இருந்தாயா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். கம்பெனி எனக்கு ஒரு வார்னிங் லெட்டர் கொடுத்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். மறுநாள் மறுபடி 24 மணி நேரம். அந்தத் தடவை கோடு காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி விழுந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் பேசினேன். மேட்டூர் திறக்கவில்லை. வழக்கமாக ஜூன் 12. அந்த வருஷம் தொடங்கி 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்கவே இல்லை என்பது பின்னால் தெரிந்த கதை. அப்பா நாற்று விடாமல் உட்கார்ந்திருந்தார். பேச்சை மாற்றலாம் என்று வேலையைப் பற்றிச் சொன்னேன், ஒன்றே முக்கால் கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் ஏற்றினோம் என்று. சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கம் சத்தமில்லை. அப்புறம் அப்பா கேட்டார்: "அது எத்தனை மாவுக்குப்பா பாயும்?" மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு.

கணக்குப் பார்த்தேன். குறுவைக்கு மொத்தம் 1200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்று வைத்தால், ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல். "மூணே முக்கால் ஏக்கர்ப்பா."

"இவ்வளவு பெரிய கம்பெனி, மூணே முக்கால் ஏக்கர்தானா" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. "டெஸ்ட் முடிஞ்சதும் அந்தத் தண்ணியை என்ன பண்ணுவீங்க?" அடுத்த துண்டுக்குத் தள்ளுவோம், கடைசியில் தார்ப்பாய் விரித்த குளத்தில் விட்டு வெயிலில் வற்றவிடுவோம் என்றேன். உப்புத் தண்ணிதான் என்றும் சேர்த்துக்கொண்டேன். "உப்பா? அப்ப சரி" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

2017-இல் ரம்ஜான் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாயில் கசிவு. வயலில் கச்சா எண்ணெய், தடியடி, கைது. கும்பகோணம் பக்கம்தான், எங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. டீக்கடையில் மாமா எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீதான் பைப்பு டெஸ்ட் பண்றவனாச்சே. சொல்லு மாப்ளே, இதெல்லாம் கசியுமா கசியாதா?"

கசியாது என்று சொல்லியிருக்கலாம். கையில் சர்டிஃபிகேட் வாங்கிக் கொடுக்கிற தொழில். உண்மையைத்தான் சொன்னேன். அந்தச் சர்டிஃபிகேட் பேசுவது அந்த 24 மணி நேரத்தைப் பற்றி. அதற்கப்புறம் எண்ணெயோடு வரும் தண்ணீரும் கரியமில வாயுவும் உள்ளிருந்து இரும்பைத் தின்னும். வெளியே கோட்டிங் உரிந்த இடத்தில் ஈரம் தின்னும். பெரிய குழாய்களில் காந்தம் வைத்த பன்னி ஒன்றை அனுப்பிச் சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். கிணற்றடியிலிருந்து வரும் பழைய சின்னக் குழாய்களில் பல சமயம் அதை அனுப்ப வழியே இருக்காது. அந்த 24 மணி நேரத்திலும், எங்கள் மாதிரி நீளத் துண்டில், ஊசி 0.1 பார் இறங்க 130 லிட்டர் போக வேண்டும். சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் ஊசிக்குத் தெரியவே தெரியாது.

"அப்ப உனக்கே தெரியாதுன்னு சொல்லு" என்றார் மாமா. ஆமாம் மாமா என்றேன். கடையில் இருந்தவர்கள் முகத்தைப் பார்த்தால், கசியும் என்று சொல்லியிருந்தாலே நிம்மதியாக இருந்திருப்பார்கள் போலிருந்தது. வார்னிங் லெட்டர் கதையை அங்கே நான் சொல்லவில்லை.

2020 ஏப்ரலில் அமெரிக்காவில் எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. எங்கள் ப்ராஜெக்ட் நின்றது, கேம்ப் காலியானது, நான் ஊர் வந்து சேர்ந்தேன். அந்த ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தார்கள். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் அதே வருஷம் பிப்ரவரியில் வந்திருந்தது; ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறும் குழாயும் அப்படியே இருக்கின்றன.

தம்பிக்குச் சாக்ஸ் நிறைய எடுத்துக்கொள்ளச் சொன்னேன், மணல் பூட்ஸுக்குள் போகும். மறுமுனைக்கு அனுப்பினால் போனில் ஓக்கே சொல்வதற்கு முன் வால்வைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல் என்றேன். வண்டியில் ஏசி இருக்குமாண்ணே என்று கேட்டான்.

எங்கள் கொல்லைக்குப் போகிற வரப்போரத்தில் ஒரு குழாய் அடையாளக் கம்பம் நிற்கிறது. வாயு கசிந்தால் மேலே இருக்கும் புல் முதலில் பழுப்பாகும். மண்ணில் காற்றில்லாமல் வேர் மூச்சுத் திணறிப் போகும். காலையில் அந்த வழியாகப் போகும்போது கம்பத்தின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டே நடப்பேன். அப்பா, "என்னத்தடா தொலைச்சே?" என்பார். இன்றைக்கும் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது.