அணியைப் பேச்சில் பிடித்துப் பழகுங்கள்

தேர்வுக்கு அணி இலக்கணம் (உவமை, உருவகம் என்று சொல்லுக்கு அழகு சேர்க்கும் முறைகள்) படித்தபோது எனக்குப் பெரிதும் கைகொடுத்தது, அன்றாடம் காதில் விழும் வாக்கியங்களில் அணியைத் தேடிப் பழகியதுதான். செய்யுளில் அருஞ்சொற்களே பாதிக் கவனத்தை இழுத்துக்கொள்ளும். பேச்சில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் 'போல'. நன்னூல் என்ற இலக்கண நூல் 'போல', 'ஒப்ப', 'நிகர', 'அன்ன' என்று 12 உவம உருபுகளை, அதாவது ஒப்புமையைக் காட்டும் சொற்களைச் சொல்கிறது. அதற்காக உருபைக் கண்டதுமே உவமை என்று எழுதிவிடாதீர்கள். "மழை வரும் போல இருக்கிறது" என்பது வெறும் ஊகம். "சொன்னது போலவே வந்தார்" என்றால் சொன்னபடி வந்தார், அவ்வளவுதான். "சிறுத்தை போலப் பாய்ந்தான்" என்பதில்தான் உவமை இருக்கிறது: அவன் ஒப்பிடப்படும் பொருள், சிறுத்தை உவமை, பாய்ச்சல் பொதுத்தன்மை. இந்த மூன்றையும் தேடி அடிக்கோடிடுவது என் வழக்கம். சில சமயம் பொதுத்தன்மை மறைந்திருக்கும். "பால் போன்ற சட்டை" என்றால் வெண்மையை நாம்தான் வருவித்துக்கொள்ள வேண்டும்.

உருபே இல்லாவிட்டால்? நடுவில் 'போன்ற', 'ஆகிய' இரண்டையும் வைத்துப் பாருங்கள். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம்; உருபு மறைந்திருப்பதால் உவமைத்தொகை. முகமலர் என்றால் முகமாகிய மலர்; இரண்டையும் ஒன்றாகவே சொல்வதால் உருவகம். "அவள் கணக்கில் புலி" என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதிலும் அவளையே புலியாக்கிவிட்டோம். அதுவும் உருவகம்தான்.

பலரும் தடுமாறும் இடம் ஆகுபெயர். "வகுப்பே சிரித்தது" என்பதை உருவகம் என்று எழுதுகிறார்கள். வகுப்புக்கும் மாணவர்களுக்கும் ஒப்புமை ஏதும் இல்லையே! இருக்கும் இடத்தின் பெயர் அங்கே இருப்பவர்களுக்கு ஆகி வந்திருக்கிறது, அதனால் இடவாகுபெயர். ஒப்புமையா, தொடர்பா என்று கேட்டாலே குழப்பம் தீர்ந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது தற்குறிப்பேற்றம். "நம்மைப் போகவிடாமல் தடுக்கத்தான் இந்த மழை கொட்டுகிறது" என்று யாராவது சொன்னால் கவனியுங்கள். மழை இயல்பாகப் பெய்கிறது. காரணம் சொல்பவர் ஏற்றியது. அந்தக் காரணத்தை எடுத்துவிட்டாலும் நிகழ்ச்சி அப்படியே நிற்கும்.

"ஆயிரம் தடவை கூப்பிட்டேன்" என்று மிகைப்படுத்திச் சொல்லும் உயர்வு நவிற்சிக்கு விளக்கமே தேவையில்லை. புகழ்வது போலப் பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சிக்கு மட்டும் சூழல் தெரிய வேண்டும். "அடடா, என்ன சுறுசுறுப்பு!" என்பது உழைப்பவரிடம் சொன்னால் பாராட்டு, நண்பகல் வரை தூங்கியவரிடம் சொன்னால் பழிப்பு. இப்படிப்பட்ட வரி வந்தால் முன்னும் பின்னும் உள்ள வரிகளையும் படித்துவிட்டு அப்புறம் விடையைக் குறியுங்கள்.