முதலில் மண், பிறகு சென்சிடிவிட்டி

மெட்டல் டிடெக்டரை ஆன் செய்த கையோடு பலர் சென்சிடிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். ஆழம் கூடும் என்று நினைப்பு. மண்ணிலுள்ள இரும்புத் தாதுவும் சேர்ந்து கத்தத் தொடங்கும்; ஆழத்தில் கிடக்கும் நாணயத்தின் மெல்லிய ஒலி அதில் அமுங்கிப்போகும்.

மண்ணின் ஒலியை அடக்கக் கருவியை மண்ணுக்கு ஏற்பச் சரிசெய்யும் கிரவுண்ட் பேலன்ஸ்தான் முதல் வேலை. 15 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் காரெட் ஏடி ப்ரோ டிடெக்டரில் இப்படிச் செய்யலாம்: எந்த உலோகத்தையும் விலக்காத ஜீரோ மோடில் காயிலை (கருவியின் அடியிலுள்ள வட்டை) வீசிப் பார்த்து, உலோகமே இல்லாத ஒரு திட்டைக் கண்டுபிடியுங்கள். கிரவுண்ட் பேலன்ஸ் பட்டனை அழுத்திப் பிடித்தபடி, தரைக்கு மேல் 3 செ.மீ. முதல் 20 செ.மீ. வரை காயிலை ஏற்றி இறக்குங்கள். ஒலி அடங்கியதும் பட்டனை விடுங்கள். அடியில் ஒரு துருப்பிடித்த ஆணி கிடந்தாலும் கணக்கு தவறிவிடும், ஆகவே இரண்டடி தள்ளி இன்னொரு முறை செய்து, திரையில் அதே பேலன்ஸ் எண் வருகிறதா என்று பாருங்கள்.

கடற்கரையில்தான் உண்மையான தலைவலி. தாது நிறைந்த மண்ணுக்கு இந்த எண் உயரும், உப்பு ஈரத்துக்குத் தாழும். கருமணலும் உப்புநீரும் கலந்த இடத்தில், ஒற்றை அதிர்வெண் கருவியால் இரண்டையும் ஒரே நேரத்தில் சரிக்கட்ட முடியாது. சென்சிடிவிட்டியைக் குறைப்பதுதான் வழி. இல்லாவிட்டால் பல அதிர்வெண் கருவி வேண்டும். உலர் மணலிலிருந்து ஈர மணலுக்கு இறங்கியதும் பேலன்ஸை மறுபடி செய்யுங்கள்.

இனி சென்சிடிவிட்டி. காயிலை அசைக்காமல் பிடித்திருக்கும்போதே கருவி படபடத்தால், காரணம் மின்கம்பியோ பையிலிருக்கும் செல்போனோதான். வீசும்போது மட்டும் படபடத்தால் மண். முன்னதற்கு இடம் மாறுங்கள் அல்லது ஓரிரு படி இறக்குங்கள். பின்னதற்கு முதலில் பேலன்ஸைத் திரும்பச் செய்யுங்கள்.

வேண்டாத உலோகங்களின் ஒலியை வெட்டும் டிஸ்கிரிமினேஷனில் கை தாராளமாக இருக்கவே கூடாது. மெல்லிய தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் திரையில் ஏறக்குறைய ஒரே உலோக எண்ணைக் காட்டும். தாளின் ஒலியை வெட்டினால் மோதிரமும் போச்சு! ஒரு சிறு ஆணியைத் தரையில் போட்டு, அது மௌனமாகும் எண் வரை மட்டும் ஏற்றுங்கள். பிறகு ஆணிக்குப் பக்கத்தில் காந்தம் ஒட்டாத ஒரு நாணயத்தை வைத்துக் காயிலை வீசுங்கள். நாணயம் ஒலிக்கவில்லையென்றால் கொஞ்சம் குறையுங்கள்.