அலகு இல்லையென்றால் பூச்சியம்

விளையாட்டுப் போட்டியையும் பரிசளிப்பு விழாவையும் பற்றி எழுத இம்மலரில் ஆட்களுக்குக் குறைவில்லை. நான் எழுதப்போவது நூற்றுவீதக் கணக்கைப் பற்றி. இலண்டனில் வைத்தியசாலை மருந்தாளராக எனக்குச் சோறு போட்டது அதுதான்.

உயர்தர வகுப்பில் எங்கள் இரசாயன ஆசிரியர் விடையைப் பார்க்கும் முன் அலகைத் தேடுவார். அலகு இல்லையென்றால் பூச்சியம். "ஐந்து என்று எழுதியிருக்கிறாய். ஐந்து என்ன, மாங்காயா?" நூற்றுவீதம் என்று வாய் திறந்தாலே "எதில், எவ்வளவு?" என்று மறிப்பார். அந்தக் கெடுபிடி அப்போது எவருக்கும் பிடிக்கவில்லை.

மருந்துக் கரைசலில் 1% என்றால் 100 மில்லிலீற்றரில் 1 கிராம். அதாவது ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம். 0.9% சேலைன் ஒரு லீற்றரில் 9 கிராம் உப்பு இருக்கும். களிம்பு என்றால் 100 கிராமில் 1 கிராம். "எதில்" என்ற கேள்விக்கு அங்கே விடை மாறிவிடுகிறது.

விறைப்பு ஊசியில்தான் இந்தக் கணக்கு உயிரோடு விளையாடும். விறைக்கச் செய்யும் மருந்தான லிக்னோகெயின் 2% கரைசல் 20 மில்லிலீற்றரில் 400 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் சேராத லிக்னோகெயினுக்குப் பிரித்தானியாவில் பெரியவர்களுக்கு வழமையான உச்ச அளவு 200 மில்லிகிராம். ஆகவே 10 மில்லிலீற்றரோடு நிறுத்த வேண்டும். 1% மருந்தானால் 20 வரை போகலாம். உடல் சிறுத்தவருக்கு இதிலும் குறைவு.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் விரும்பிக் கேட்பது கலவைக் கணக்கு. டெக்ஸ்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலில் 50% ஐயும் 5% ஐயும் கலந்து 10% வேண்டும். குறுக்கே கழித்தால் (10 − 5, 50 − 10) 5, 40, விகிதம் 1:8. 50% இல் 50 மில்லிலீற்றரோடு 5% இல் 400 சேர்த்தால் 25 கிராமும் 20 கிராமுமாக 450 மில்லிலீற்றரில் 45 கிராம். பலர் கணிப்பானைத் தேடுவார்கள். நான் தாளை நீட்டுவேன்.

எனக்குத் தீராத கோபம் அட்ரினலினின் விகித எழுத்தில். 1:1000 என்றால் 1000 மில்லிலீற்றரில் 1 கிராம், அதாவது ஒரு மில்லிலீற்றரில் 1 மில்லிகிராம். 1:10,000 என்றால் அதில் பத்தில் ஒன்று. பூச்சியம் கூட, மருந்து குறைகிறது! அவசரத்தில் நிற்பவரிடம் கொடுக்கிற கணக்கா இது? அமெரிக்காவில் 2016இல் வேறு மருந்து சேராத அட்ரினலின் குப்பிகளிலிருந்து விகிதத்தை நீக்கி, மில்லிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று மாற்றினார்கள். பிரித்தானியக் குப்பிகளில் இரண்டும் இருக்கின்றன. விகிதத்தை அழித்துவிடலாம் என்பதே என் கட்சி.