மேலாளருக்குப் போன ஹைக்கூ

காலை ஆறே முக்கால் மணி. இன்னும் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. அந்த நிலையில் எங்கள் அலுவலக மேலாளருக்கு நான் அனுப்பிய செய்தி இது:

கண் விழித்தேன்
புதிதாகப் பல கால்கள்
ஐந்து மணி ரயில் போயிற்று

அவருக்கென்று எழுதியது அல்ல. எங்கள் குடும்பக் குழுவுக்கு எழுதியது. கைப்பேசித் திரையில் இரண்டும் மேலும் கீழுமாக இருந்தன. தூக்கக் கலக்கத்தில் கட்டைவிரல் மேலே அழுத்திவிட்டது. அழித்துவிடலாம் என்று பதறுவதற்குள் படித்துவிட்டதற்கான இரண்டு நீலக் குறிகளும் விழுந்துவிட்டன. மனிதர் விடிந்தும் விடியாமல் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருப்பார் என்று யார் கண்டது?

இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. “கால் பிரச்சினையா? இன்று ஓய்வெடுங்கள். ரயிலைப் பற்றிக் கவலை வேண்டாம்.”

நான் தினமும் பஸ்ஸில் போகிறவன்.

விளக்கம் எழுத ஆரம்பித்தேன். “ஐயா, அது நான் இல்லை. கதையில் வரும் ஒரு துணி விற்பனைப் பிரதிநிதி. ஒருநாள் காலையில் பூச்சியாகக் கண் விழிக்கிறான். அப்போதும் அவனுக்கு ரயிலைத் தவறவிட்ட கவலைதான்” என்று எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். இதற்குக் கால்வலியே கௌரவம் என்று தோன்றியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு “நன்றி ஐயா” என்று மட்டும் அனுப்பினேன். 1915இல் வெளிவந்த காஃப்காவின் அந்த ‘உருமாற்றம்’ கதையில், வேலைக்கு வராதவனை விசாரிக்க மேலதிகாரி வீட்டுக்கே வந்து கதவுக்கு வெளியே நிற்பார். அந்த மட்டும் நான் கொடுத்துவைத்தவன்.

இந்தப் பைத்தியம் எங்கள் வீட்டைப் பிடித்து அன்றோடு பன்னிரண்டு நாள். அதுவரை குடும்பக் குழுவில் காலை வணக்கம் சொல்லும் ரோஜாக்கள் மட்டும்தான் பூத்துக்கொண்டிருந்தன. அதைப் பொறுக்கமாட்டாமல் என் மகள்தான் விளையாட்டைத் தொடங்கினாள். உலகம் அறிந்த ஓர் இலக்கியத்தை மூன்று வரிக்குள் மடக்க வேண்டும். நூலின் பெயர் வரக் கூடாது, அதில் வருகிறவர்களின் பெயரும் வரக் கூடாது. மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். முதல் ஹைக்கூவும் அவளுடையதே:

இருப்பதா வேண்டாமா
முடிவெடுப்பதற்குள்
மேடையெங்கும் பிணம்

‘ஹாம்லெட்’ என்று எல்லோரும் ஒரே மூச்சில் எழுதிவிட்டோம். சுலபமாகப் போயிற்று என்று அவளுக்கு வருத்தம். அடுத்தது என் முறை. கொஞ்சம் கடினமாக இருக்கட்டும் என்று இதைப் போட்டேன்:

மரத்தடியில் இருவர்
இன்று வரவில்லையாம்
நாளை நிச்சயமாம்

அந்த ‘ஆம்’ இரண்டையும் எழுதியபோது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. வருகிறேன் என்று அவர் நேரில் சொல்வதில்லை. ஒரு சிறுவன் வந்து சொல்லிவிட்டுப் போகிறான். அதை ஒரே விகுதியில் தமிழ் முடித்துக்கொடுத்துவிடுகிறது. இதையெல்லாம் யாராவது கவனித்துப் பாராட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.

“பிளம்பர்” என்று எழுதினாள் அக்கா.

இல்லை என்றேன்.

“மரத்தடி என்கிறாயே, அப்படியானால் தச்சர்.”

பெக்கெட்டின் நாடகம், கோடோ என்பவருக்காக இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்று நானே உடைத்துச் சொன்னேன்.

“கடைசியில் வருகிறாரா?”

“இரண்டு அங்கத்திலும் வருவதில்லை.”

“அப்படியானால் பிளம்பர்தான். எங்கள் வீட்டில் மூன்றாவது அங்கம் நடக்கிறது.”

அக்கா இப்படித்தான். புத்தகத்தை அவள் மதிப்பதே இல்லை. ஆனால் புத்தகத்துக்குள் இருப்பதை நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துவிடுவாள். அவள் எழுதிய ஒரே ஹைக்கூ:

யார் இந்த இளவரசர்
முந்நூறாம் பக்கத்திலிருந்து
மீண்டும் முதல் பக்கம்

டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ என்று நாங்கள் எல்லோரும் உடனே சொல்லிவிட்டோம். சொன்னவர்களில் ஒருவரும் அதை முடித்தவர் இல்லை. அதனால்தான் அவ்வளவு வேகம்.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். முதல் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு இது வந்தது:

உள்ளே முத்தா மணியா
யாருமே சரிபார்க்கவில்லை
ஊர் எரிந்தது

சிலப்பதிகாரத்தை ஊழ்வினையின் கதையாகப் படித்திருக்கிறேன், பத்தினியின் கதையாகப் படித்திருக்கிறேன். தணிக்கைக் குறிப்பாக ஒருவர் படித்து அன்றுதான் பார்த்தேன். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்க்க வேண்டிய பொருளைத் தண்டனை கொடுத்த பிறகா உடைத்துப் பார்ப்பார்கள் என்பது மாமாவின் ஆட்சேபம். “நடைமுறைக் குறைபாடு” என்று கீழே தனியாக எழுதியிருந்தார்.

அவருக்குக் கைதட்டியது எங்கள் தவறு. மறுநாளே எண்ண ஆரம்பித்துவிட்டார்.

ஹைக்கூ என்றால் ஐந்து, ஏழு, ஐந்து, மொத்தம் பதினேழு. எங்களில் ஒருவரும் கணக்கில் தேறவில்லை. அது போதாதென்று, ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று இருக்க வேண்டும், அது இல்லாமல் மனிதர்களைக் கேலி செய்து எழுதினால் அதற்குப் பெயர் சென்ரியு, பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கராய் சென்ரியு என்பவரின் பெயரால் வந்தது என்று ஒரு சுற்றறிக்கையும் விட்டார். மகள் அரை மணி நேரத்தில் ஹாம்லெட்டைத் திருத்தி அனுப்பினாள். முதல் வரி “மழைக்காலம், இருப்பதா வேண்டாமா” என்று ஆகியிருந்தது.

“பதினேழு என்றால் பதினேழு என்ன?” என்று கேட்டார் அத்தை.

அத்தை என் அப்பாவின் தங்கை. தமிழாசிரியையாக இருந்தவர். பன்னிரண்டு நாளில் ஒரு ஹைக்கூவும் எழுதாமல், எல்லோருடைய ஒற்றுப்பிழையையும் திருத்திக்கொண்டு மட்டும் இருந்தார். மாமா “அசை” என்றார். அவ்வளவுதான், அத்தை பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். ‘முடிவெடுப்பதற்குள்’ என்ற சொல்லை ஆங்கிலேயர் பாணியில் உயிரொலிகளாக எண்ணினால் ஏழு வரும். நம் யாப்பின்படி முடி, வெடுப், பதற், குள் என்று நான்கே அசை. ஜப்பானியர் எண்ணுவது இந்த இரண்டும் அல்ல. ஒலியை அவர்கள் கால அளவால் எண்ணுகிறார்கள். ‘நிப்பொன்’ என்று தங்கள் நாட்டின் பெயரைச் சொன்னால் நி, ப், பொ, ன் என்று நான்கு. ஒற்றுக்கும் முழு அளவு கொடுத்துவிடுகிற தாராளம். நம்மிடம் அதற்கு நெருங்கிய உறவு மாத்திரை. ஆனால் நாம் மெய்க்கு அரைதான் கொடுப்போம் என்பதால் அதே சொல் தமிழில் மூன்று.

மாமா இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அரை, ஒன்று, இரண்டு என்று பின்னத்தோடு ஒரு கணக்கு கிடைத்ததும் அவருக்கு முகம் மலர்ந்திருக்க வேண்டும். இனி மாத்திரைதான் என்று அறிவித்துவிட்டார். மாத்திரைக்கு அளவு என்ன என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை” என்று தொல்காப்பியத்தை எடுத்துப் போட்டார் அத்தை. கண் இமைக்கும் நேரம், அல்லது விரலை நொடிக்கும் நேரம்.

இமைத்து எண்ணுவதில் பொது இடங்களில் ஆபத்து அதிகம் என்று விரலைத் தேர்ந்தெடுத்தேன்.

பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது ஒடிசியில் வரும் நாயைப் பற்றி மனத்துக்குள் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. இருபது ஆண்டு கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்புகிறான் தலைவன். குப்பைமேட்டில் கிடக்கும் கிழட்டு நாய் ஒன்று மட்டும் அவனை அடையாளம் கண்டு வாலை ஆட்டிவிட்டு உயிரை விடுகிறது. வரியை முணுமுணுத்தபடி சொடுக்கிச் சொடுக்கி அளந்துகொண்டிருந்தேன். நெடிலுக்கு இரண்டு சொடுக்கு. ஒற்றுக்கு அரைச் சொடுக்கு எப்படிப் போடுவது என்று தெரியாமல் கட்டைவிரலை லேசாகத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, எதிரே ஒரு நிழல் விழுந்தது. பெயர் எழுதும் உதவியாளர்.

“என்ன சார், நாயைக் கூப்பிடுவது போலச் சொடுக்குகிறீர்கள்?”

“நாய்க்குத்தான்” என்று சொல்லிவிட்டேன்.

உண்மையைத்தான் சொன்னேன். எனக்குப் பின்னால் வந்த நான்கு பேர் எனக்கு முன்னால் உள்ளே போனார்கள். அந்த இடைவெளியில் ஹைக்கூ முடிந்தது:

பிச்சைக்கார வேடம்
நாய்க்கு மட்டும் தெரிந்தது
வால் ஒருமுறை ஆடி நின்றது

சிரிக்க வைக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். குழுவில் ஒருவரும் சிரிக்கவில்லை, என்ன நூல் என்றும் கேட்கவில்லை. மாமாகூட எண்ணவில்லை. வெகுநேரம் கழித்து அக்கா, “இந்த மாதிரி இன்னொன்று எழுதினால் குழுவிலிருந்து விலகிவிடுவேன்” என்று எழுதினாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததுதான் பன்னிரண்டாம் நாள் காலையில் என் மேலாளர் வரைக்கும் போய்விட்டது. கிடைத்த விடுப்பை வீணாக்குவானேன் என்று காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, நடந்ததைக் குழுவில் சொன்னேன். மகள் அடுத்த அறையிலிருந்து சிரித்த சத்தம் கேட்டது. மாமா மட்டும், “விடுப்புக் கடிதம் மூன்று வரியில் இருக்கலாமா என்று விதி பார்க்க வேண்டும்” என்றார். அந்த நேரம் பார்த்துத்தான் அத்தையிடமிருந்து ஒன்று வந்தது. மூன்று வரிகூட இல்லை:

எடுத்தது கண்டனர்
இற்றது கேட்டார்

கம்பன். இராமன் வில்லைக் கையில் எடுத்ததைப் பார்த்தார்கள். அது முறிந்ததைக் கேட்டார்கள். நாண் பூட்டியதும் வளைத்ததும் யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவு வேகம். பாட்டின் மற்ற வரிகளை விட்டுவிட்டுக் கடைசித் துண்டை மட்டும் அத்தை பிய்த்து வைத்திருந்தார். ஜப்பானிய ஹைக்கூக் கவிஞர் பாஷோவின் தவளை 1686இல் பழைய குளத்தில் குதித்தது. அங்கேயும் தவளை தண்ணீரைத் தொட்ட இடத்தைக் காணோம். குதித்தது தெரிகிறது, பிறகு நீரின் ஓசைதான் கேட்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே கால் லேசாக நடுங்கியது.

“விதிப்படி இது செல்லாது. நீங்கள் எழுதியது இல்லையே” என்றாள் மகள்.

“நான் ஏன் எழுத வேண்டும்? எழுதி வைத்திருக்கிறார்களே” என்றார் அத்தை. போகிற போக்கில், 1916இலேயே பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தை வியந்து எழுதியிருப்பதையும் சொல்லி, நாங்கள் ஒன்றும் புதிதாகக் கிழித்துவிடவில்லை என்று உணர்த்தினார்.

பத்து நிமிடம் கழித்து மாமாவிடமிருந்து பெரிய எழுத்தில் ஒரு செய்தி. எடுத்தது, நாலரை. கண்டனர், நான்கு. இற்றது, மூன்றரை. கேட்டார், ஐந்து. கூட்டினால் பதினேழு!

நானும் எழுந்து உட்கார்ந்து எண்ணினேன். பதினேழேதான். கம்பன் அறியாமலே கணக்கு ஜப்பானோடு பொருந்திவிட்டது. மாமா இரண்டு முறை கூட்டி, இரண்டு முறையும் சரிபார்த்ததாகக் குறிப்பு வேறு போட்டிருந்தார். மகள் பட்டாசுப் படங்களாக அனுப்பித் தள்ளினாள்.

அத்தை உடனே பதில் எழுதவில்லை. எழுதியபோது இப்படி எழுதினார்: “மாப்பிள்ளை, குற்றியலுகரத்தை மறந்துவிட்டீர்கள். எடுத்தது, இற்றது, இரண்டின் கடைசி ‘து’வுக்கும் அரை மாத்திரைதான். பதினாறு.”

மாமாவின் பெயருக்குக் கீழே ‘எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று தோன்றியது, மறைந்தது, மீண்டும் தோன்றியது. தணிக்கை வாழ்க்கையில் எத்தனை பேரை இப்படி எழுதவிட்டு அழிக்க வைத்தாரோ. கடைசியில் வந்தது ஒரே கேள்வி: “மீதி ஒன்று எங்கே?”

“வில் ஒடிந்ததே, நொடி. அது ஒன்று” என்றார் அத்தை.

அக்கா சொன்னாள், அன்று சாயங்காலம் முழுக்க மாமா தனியாக உட்கார்ந்து விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தாராம்.

எனக்கு இருந்த சிக்கல் வேறு. மறுநாள் அலுவலகம் போக வேண்டும். கால்வலிக்காரனாகப் போக வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே லேசாக நொண்ட ஆரம்பித்தேன். அளவோடுதான் நொண்டினேன், ஒற்றுக்கு அரை மாத்திரை போல. மேலாளர் அறையைக் கடக்கும்போது மட்டும் நெடில். அவர் நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர், இவரைப் போய் ஏமாற்றுகிறோமே என்று மனம் உறுத்தியது. பிறகு வேலை மும்முரத்தில் உறுத்தலும் மறந்தது, நொண்டலும் மறந்தது. பிற்பகலில் அவரே கூப்பிட்டு ஒரு கோப்பைக் கேட்டபோதுதான் நினைவு வந்து, சட்டென்று நொண்டிக்கொண்டு எடுத்துப் போனேன்.

மாலையில் அந்தக் கோப்பு என் மேசைக்குத் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. பச்சை மையில் மூன்று வரி:

காலையில் இடது
மதியத்துக்கு மேல் வலது
மற்ற கால்கள் நலமா

கீழே அவருடைய வழக்கமான சுருக்கக் கையொப்பம், தேதியுடன்.