தென்கடல் காத்தாடிக்கு ரெக்கை மட்டும் போதாது

தென்கடல் என்று நாங்கள் சொல்கிற மன்னார் வளைகுடாவில் காற்றாலை வரப்போகிறது என்ற பேச்சு மண்டபம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. 2024-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த கடல் காற்றாலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட். கோபுரம் எவ்வளவு உயரம், தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றுக்கு ரெக்கை தாங்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ரெக்கை தாங்கும். கயத்தாறு பக்கம் காற்றாலை சர்வீஸ் வேலை பார்க்கிற எனக்குக் கவலையெல்லாம் கன்வெர்ட்டர் பேனல் மேல்தான்; ஜெனரேட்டர் கரண்டைக் கிரிட்டுக்கு, அதாவது மின்வலைக்கு, ஒத்தபடி மாற்றித் தரும் பெட்டி அது.

காற்று ஒரே வேகத்தில் அடிக்காது. கிரிட்டோ 50 ஹெர்ட்ஸை விட்டு அசையாது. பழைய மெஷின்களில் ஜெனரேட்டரை அப்படியே கிரிட்டில் கோத்துவிட்டார்கள். காற்று ஏறினாலும் இறங்கினாலும் சுற்றுவது ஏறக்குறைய ஒரே வேகம். காந்தப்புலம் உண்டாக்கத் தேவையான ரியாக்டிவ் பவரை வேறு கிரிட்டிலிருந்தே உறிஞ்சும். அப்புறம் வந்தது டிஎஃப்ஐஜி என்ற வகை ஜெனரேட்டர். இதில் அசையாத பாகமான ஸ்டேட்டர் நேராகக் கிரிட்டில், சுழலும் பாகமான ரோட்டர் மட்டும் கன்வெர்ட்டர் வழியாக. நாலு காந்தத் துருவம் உள்ள ஜெனரேட்டர் என்றால் 1500 ஆர்பிஎம்தான் எல்லை. அதற்குக் கீழே சுற்றும்போது கன்வெர்ட்டர் ரோட்டருக்குள் பவரைத் தள்ளும். மேலே போனால் ரோட்டரிலிருந்து வாங்கிக் கிரிட்டுக்கு அனுப்பும். மொத்த பவரில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்கினால் போதும், விலையும் குறைவு. கடலில் நிற்கும் பெரிய மெஷின்களில் பெரும்பாலும் முழு பவரும் கன்வெர்ட்டரைத் தாண்டித்தான் வெளியே வரும்: ஏசி டிசியாகி, மறுபடியும் ஏசியாகும். பேனல் படுத்தால் மெஷினும் படுத்தது.

கடலோரத்தில் பேனலுக்கு அடி இரண்டு பக்கமும் விழும். வெளியே, லைன் இன்சுலேட்டரில் உப்பு படிந்து விடியற்காலைப் பனியில் நனைந்தால் ஃபிளாஷ் ஓவர், அதாவது கரண்ட் அதன் மேலேயே பொறியாகப் பாயும்; வோல்டேஜ் சட்டென்று சரியும். முன்பெல்லாம் காற்றாலை உடனே கழன்றுகொள்ளும். இப்போது 66 கிலோவோல்ட்டிலும் அதற்கு மேலும் இணைந்தவை, வோல்டேஜ் 15 சதவீதத்துக்கு விழுந்தாலும் 300 மில்லி செகண்ட் கழலாமல் நிற்க வேண்டும் என்பது விதி. டிஎஃப்ஐஜியில் அந்த நேரம் ரோட்டரில் எகிறும் கரண்டைக் குரோபார் என்ற காப்பு சர்க்யூட் வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் கன்வெர்ட்டரின் மின் சுவிட்சான ஐஜிபிடி போய்விடும்.

உள்ளே விழும் அடிக்குச் சத்தமே இருக்காது. மே முதல் செப்டம்பர் வரை காற்றுக் காலம். பேனல் சூடாகவே இருப்பதால் ஈரம் அண்டாது. ஐப்பசி, கார்த்திகையில் காற்று ஓய்ந்து மெஷின் சும்மா நிற்கும், மழையும் அப்போதுதான். கதவைத் திறந்தால் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் முத்துமுத்தாக வியர்த்திருக்கும். கரண்ட் ஓடும் செப்புப் பட்டையான பஸ்பாரின் போல்ட்டைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கும், நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். அந்த ஈரத்தோடு டிசி பக்கம் ஆயிரம் வோல்ட் ஏற்றினால் வெடிதான். சூடேறி ஆறி சாலிடர் தளர்வதுதான் பெரிய காரணம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்துக்காரர்கள் பழுதுக் கணக்குகளைப் பல நாடுகளிலிருந்து சேர்த்துப் பார்த்து, ஈரப்பதத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது என்றார்கள். சைட்டில் நிற்பவர்களுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்காது.

மீன்பிடிக்கிற மாமாவிடம் இதைச் சொன்னேன். "கச்சான்ல தென்கடலுக்கு வள்ளம் போறதே பாடு மாப்ளே. அப்ப பேனல் போச்சுன்னா எவன் போவான்? வாடையிலேயே பாத்து வச்சிரணும்" என்றார். சரியான கணக்கு. வடகிழக்குக் காற்றடிக்கும் வாடையில் பாக் விரிகுடாவான வடகடல்தான் கொந்தளிக்கும், தென்கடல் கொஞ்சம் இளகும்.

ஆனால் பேனல் ஈரமாகிற மாதங்களும் அவைதான். ஆகவே மெஷின் நின்றாலும் பேனல் ஹீட்டர் நிற்கக் கூடாது. ஹீட்டர் சின்னச் சாமான், எரிந்துபோனால் ஸ்டோர்காரர்கள் கடைசியில்தான் அனுப்புவார்கள். புயலில் லைன் போய்விட்டால் ஹீட்டருக்கும் கரண்ட் இருக்காது. லைன் வந்ததும் ஸ்டார்ட் பண்ணச் சொல்லி ஆபீஸிலிருந்து போன் மேல் போன் வரும். வரட்டும். ஹீட்டரைப் போட்டு, உள்ளே ஈரப்பத அளவு இறங்கிய பிறகுதான் டிசி சார்ஜ் பண்ண வேண்டும். இதை மனிதர் கையில் விடாமல், ஈரம் இறங்காமல் ஸ்டார்ட்டே ஆகாதபடி கன்ட்ரோலரில் பூட்டுப் போட்டுத்தான் கடலுக்குள் அனுப்ப வேண்டும்.