100 கேட்டால் 74 தந்த ஆம்ப்ளிஃபயர்

மூன்று நாள் லோட் செல்லை (எடையைச் சிறு மின்னழுத்தமாக மாற்றும் சென்சார்) திட்டித் தீர்த்தேன். பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை.

அந்தச் சிறு சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஐசி ஏடி620 ஒன்றை வைத்து 10, 100, 1000 என்று கெயினை, அதாவது பெருக்கும் மடங்கை, மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. 1, 8 கால்களுக்கு நடுவே கெயினைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டர், ஆர்ஜி; கெயின் = 1 + 49.4 கிலோ ஓம் / ஆர்ஜி. அதன்படி 5.49 கிலோ ஓம், 499 ஓம், 49.9 ஓம், எல்லாம் 1 சதவீத ரெசிஸ்டர்கள். எதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கக் கையில் கிடந்த சிடி4051 மல்டிபிளெக்சர், அதாவது எட்டு மின்னணு சுவிட்சுகளில் ஒன்றை மட்டும் இணைக்கும் ஐசி.

முதலில் 10ஐப் பார்த்தேன். 9.7 வந்தது. ரெசிஸ்டர் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். 1 சதவீத ரெசிஸ்டர் எப்படி 3 சதவீதம் தப்பும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். 100க்கு மாற்றி 10 மில்லிவோல்ட் கொடுத்தால் 1 வோல்ட்டுக்குப் பதில் 0.74. 1000க்குப் போனால் வெறும் 216! லோட் செல்லை மாற்றினேன், வயரை மாற்றினேன், ஐசியையும் மாற்றினேன். எண் மட்டும் மாறவில்லை.

அப்புறம்தான் 4051இன் டேட்டாஷீட்டைப் பிரித்தேன். ±5 வோல்ட்டில் அதன் சுவிட்ச் ஒவ்வொன்றுக்கும் சுமார் 180 ஓம் தடை. அது ஆர்ஜியோடு தொடராக நிற்கிறது. 499உடன் 180 சேர்ந்தால் 679, கெயின் 73.8. கணக்கு அச்சாகப் பொருந்தியபோது எரிச்சல்தான் வந்தது.

சரி, 499இல் 180ஐக் கழித்தால் 319, அதற்குக் கிட்ட இருக்கும் 316 ஓம் போட்டால் போச்சு என்று நினைத்தேன். மேசையில் சரியாக இருந்தது. ஹேர் டிரையரைக் காட்டியதும் நகர ஆரம்பித்தது; அந்த 180 சூட்டுக்கும் சிக்னலுக்கும் ஏற்ப மாறும். இந்தக் குறுக்குவழி வேண்டவே வேண்டாம்.

அடுத்து முன்பலகையில் ரோட்டரி சுவிட்ச். தடை போனது, நீள வயரால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தது. ஆர்ஜி கால்களில் தொங்கும் வயர் காமன் மோட் இரைச்சலை (இரண்டு உள்ளீட்டிலும் ஒரே மாதிரி வரும் இரைச்சல்) தள்ளும் திறனைக் கெடுத்துவிடும்.

கடைசியில் மூன்று ரீட் ரிலேக்களை (காந்தத்தால் மூடும், தடை மிகக் குறைந்த சுவிட்சுகள்) ஐசியை ஒட்டியே வைத்தேன். 10 மில்லிவோல்ட்டுக்கு 0.998 வோல்ட்! ரிலே மாறும் நொடியில் ஆர்ஜி இல்லாமல் கெயின் 1க்கு இறங்கும், அந்த ரீடிங்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மல்டிபிளெக்சர்தான் வேண்டும் என்பவர்கள் ஏடி625ஐப் பாருங்கள். அதில் கெயினை உணரும் சென்ஸ் கால்கள் தனியாக இருப்பதால் சுவிட்சின் தடை கெயினுக்குள் வராது.

1000இல் இப்போதும் 991ஐ ஒட்டித்தான் வருகிறது. 49.9 ஓம் போட்டால் அப்படித்தான். அந்த மிச்சத்தை மென்பொருளில் பெருக்கிக்கொள்கிறேன்.